ஊரின் இசைவு பெற்ற மருத்துவர்

1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் பிளேக் ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொள்ளை கொண்டது. அதனை ஒடுக்க அனுப்பப்பட்டவர், 1879-இல் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் தே.

நோய் மூச்சின் வழியே தொற்றுவதைக் கண்ட வூ, பஞ்சு வைத்த துணிக் கவசத்தால் முகத்தை மூடுமாறு வற்புறுத்தினார். அதனை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி, சில நாட்களில் அந்நோய்க்கே இரையானார்.

ஹார்பின் நகரில் படைவீரர் காவல் நின்றனர். ஆயினும் காவலால் மட்டும் தீராத இடர் ஒன்றிருந்தது. நிலம் பனியால் இறுகிவிட்டமையின் 2,000-க்கு மேற்பட்ட உடல்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. எரிப்பதோ, முன்னோரை மண்ணில் அடக்கிப் போற்றும் சீனக் குடும்பங்களுக்குப் பெரும்பழி. வூ தாமே துணிந்து எரித்துவிடவில்லை. ஊர் அதிகாரிகளை இடுகாட்டுக்கே அழைத்துச் சென்று காட்டினார். கண்டவர் இசைந்தனர், பேரரசின் ஒப்புதலும் கிட்டியது. 1911 சனவரி 31-இல் உடல்கள் எரியூட்டப்பட்டன. மார்ச்சுத் தொடக்கத்தில் அந்நகரில் நோய் ஓய்ந்தது.

மரபைப் பழியாது, மக்கள் உள்ளத்தை மாற்றிய இவ்வரலாறு, சுகாதாரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் நம் மாணவர்க்குச் சொல்லத் தக்கது.