சிங்கப்பூரில் வீட்டு முன்பண உதவி

முதன்முறையாக வீடு வாங்கும் குடும்பம் விலையில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டுவதற்கு அரசு செய்து தரும் ஏற்பாடுகள். சிங்கப்பூரில் இவை இரு வடிவங்களில் வளர்ந்தன. தொழிலாளியின் சொந்தச் சேமிப்பான மத்திய சேம நிதியை வீடு வாங்கத் திறந்துவிட்டது 1968ல் வந்த வடிவம். அரசே மானியம் தருவது 1994ல் வந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய 99 ஆண்டுக் குத்தகை வீடுகளுக்கே இவ்வுதவி பெரிதும் பயன்பட்டு வருகிறது.

பின்னணி

பிரிட்டிஷ் ஆட்சியில் 1927ல் தொடங்கிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை 32 ஆண்டுகளில் ஏறத்தாழ 23,000 வீடுகளைக் கட்டியது. அவை பெரும்பாலும் வாடகைக்கு விடப்பட்டன. மத்திய சேம நிதி 1955 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி சம்பளத்தில் 5 விழுக்காடும் முதலாளி அதே அளவும் செலுத்தினர். 55 வயதில் பணத்தை எடுக்கலாம் என்பது அன்றைய விதி. வீவக 1960 பிப்ரவரி 1 அன்று அமைந்தது. முதல் தலைவர் லிம் கிம் சான். மறு ஆண்டு மே 25ல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி தீக்கிரையாகி ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதன்பின் கட்டுமானம் வேகம் பிடித்தது.

1964 முதல் 1968 வரை

‘மக்களுக்குச் சொந்த வீடு’ திட்டம் 1964 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. குவீன்ஸ்டவுனில் ஈரறை வீடு 4,900 வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) மூவறை வீடு 6,200 வெள்ளிக்கும் விற்பனைக்கு வந்தன. வட்டி குறைவு, தவணைக்காலமும் நீண்டது. ஆனாலும் விற்பனை எதிர்பார்த்தபடி சூடு பிடிக்கவில்லை. காரணம் முன்பணம்தான் என்று அன்றைய பிரதமர் லீ குவான் இயூ தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். விலையில் 20 விழுக்காட்டை முதலிலேயே கட்ட வேண்டும். மூவறை வீட்டுக்கு அது 1,240 வெள்ளி. மாதம் 250 வெள்ளி ஈட்டியவருக்கு ஐந்து மாதச் சம்பளம். சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போக அந்தத் தொகையை ஒதுக்குவது எளிதாக இருந்திருக்காது.

அதே தொழிலாளி 1955 முதல் அதே சம்பளத்தில் வேலை செய்திருந்தால், 13 ஆண்டுகளில் அவர் சேம நிதிக் கணக்கில் வட்டி நீங்கலாக 3,900 வெள்ளி சேர்ந்திருக்கும். முன்பணத்தைப்போல் மூன்று மடங்கு பணம் அவர் பெயரிலேயே இருந்தது. 55 வயதுவரை அதைத் தொட முடியாது என்பதே தடை. 1968ல் சட்டம் திருத்தப்பட்டு முன்பணத்துக்கும் மாதத் தவணைக்கும் நிதியைப் பயன்படுத்த வழி பிறந்தது. சந்தாவும் இரு தரப்புக்கும் 6.5 விழுக்காடாக உயர்ந்தது. சேம நிதிக்குப் பொறுப்பான தொழிலாளர் அமைச்சர் பொறுப்பை அப்போது வகித்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்னம். திருத்தத்தின் மூலவர் யார் என்பதில் நூல்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. நோக்கமும் விவாதத்துக்குரியது: ஏழைகளின் நலன் என்பர் சிலர், சொந்த வீடு உடையவர் நாட்டைக் காப்பார் என்ற அரசியல் கணிப்பு என்பர் வேறு சிலர். லீயின் எழுத்து இரண்டாவதற்கு இடம் தருகிறது.

   

மானியங்கள்

1970ல் 29.4 விழுக்காடாக இருந்த சொந்த வீட்டுக் குடும்பங்கள் 1990ல் 87.5 விழுக்காடாயின. மறுவிற்பனை வீடு வாங்குவோருக்கு 1994ல் சேம நிதி வீட்டு மானியம் வந்தது. குறைந்த வருமானத்தினருக்கு 2006லும் 2011லும் கூடுதல் மானியங்கள் சேர்ந்தன. இவ்விரண்டையும் இணைத்து 2019 செப்டம்பரில் வந்தது மேம்படுத்தப்பட்ட வீட்டு மானியம். அப்போது அதன் உச்சவரம்பு 80,000 வெள்ளி. மானியம் ரொக்கமாகக் கைக்கு வராது. வாங்குபவரின் சேம நிதிக் கணக்கில் வரவாகி வீட்டு விலைக்குக் கழியும். பின்னர் வீட்டை விற்றால் அத்தொகை வட்டியோடு அவர் கணக்குக்கே திரும்ப வேண்டும்.

மதிப்பீடு

சேமிப்பு வீட்டில் முடங்குவதால் முதுமைக்குப் பணம் போதாமல் போகும் என்பது நெடுநாள் குறை. மானியம் விலையையும் ஏற்றிவிடுகிறதா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. 1968ன் ஏற்பாட்டை உதவி என்று அழைக்கலாமா என்ற கேள்வியும் உண்டு; அப்பணம் தொழிலாளியுடையது. ஆயினும் குறைந்த வட்டியால் திறக்காத வாசலை அந்தத் திருத்தம் திறந்தது என்பதை விமர்சகர்களும் பெரும்பாலும் மறுப்பதில்லை. மணமாகாதவர்கள் வெகுகாலம் இவ்வட்டத்துக்கு வெளியே இருந்தனர். வீவகவிடமிருந்து நேரடியாகப் புதிய ஈரறை வீடு வாங்க, 35 வயது நிறைந்த அவர்களுக்கு 2013ல்தான் வழி கிடைத்தது.

அண்மைக் காலம்

2024 ஆகஸ்ட்டில் வீவக கடனின் உச்சவரம்பு வீட்டு விலையில் 80லிருந்து 75 விழுக்காடாகக் குறைந்தது. முன்பணம் கால் பங்காயிற்று. அதே மாதம் மானிய உச்சவரம்பு 1,20,000 வெள்ளியாக உயர்ந்தது.