மவுஸுக்கு இடம் வைக்காத கம்ப்யூட்டர்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். பழைய இரும்புக் கடையில் கிடந்த 486 கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, தூசி தட்டி, ஓட வைத்துவிட்டாராம். "எல்லாம் வேலை செய்யுது சார், மவுஸ் மட்டும் நகர மாட்டேங்குது. சின்ன அடாப்டர் போட்டுத்தான் சொருகியிருக்கேன். உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தார். கம்ப்யூட்டர் அறைச் சாவி பல வருடம் என்னிடம் இருந்ததல்லவா, அதனால் கேட்டிருக்கிறார். அந்த அடாப்டரைப் பார்த்ததும் எனக்கு வேறொரு சம்பவம் ஞாபகம் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அவருக்குப் பதில் எழுதுவதற்காகத் தேடிப் படிக்கப் போய், மவுஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைந்த கதை முழுவதையும் படித்துவிட்டேன்.

முதலில் ஒரு திருத்தம். "மவுஸைக் கண்டுபிடித்தது ஆப்பிள் கம்பெனி" என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அப்படி எழுதியவர்களுக்கு மார்க்கும் போட்டிருக்கிறேன். அது தவறு. ஆப்பிள் என்ற கம்பெனி பிறப்பதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, 1964-இல், அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் மவுஸ் பிறந்துவிட்டது. யோசனை டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற பொறியாளருடையது. அதைச் செய்து கொடுத்தவர் அவருடைய சகா பில் இங்கிலிஷ். இருவரும் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தார்கள். கைக்கு அடக்கமான ஒரு மரப்பெட்டி, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு உலோகச் சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். ஒரு சக்கரம் பக்கவாட்டு நகர்வை அளக்கும், இன்னொன்று மேல்கீழ் நகர்வை அளக்கும். நாம் வரைபடத்தாளில் போடும் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு, அவ்வளவுதான். வால் போல ஒயர் நீண்டதால் எலி என்று பெயர் வந்தது. யார் முதலில் அப்படிக் கூப்பிட்டார்கள் என்பது எங்கல்பார்ட்டுக்கே ஞாபகம் இல்லை.

1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாட்டில் அவர் இதைச் சுமார் 1,000 பேர் முன்னால் இயக்கிக் காட்டினார். தொண்ணூறு நிமிடம். கம்ப்யூட்டர் இருந்ததோ சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, மென்லோ பார்க்கில். காப்புரிமை 1970-இல் கிடைத்தது. அதே காலத்தில் ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனம் உருண்டை வைத்த மவுஸ் ஒன்றைத் தனியாகச் செய்திருந்தது.

ஆக, 1968-லேயே பொருள் தயார். ஆனால் சாதாரண மனிதர்களின் மேசைக்கு அது வந்து சேர மேலும் பதினைந்து, இருபது வருடம் ஆனது. ஏன்? விலை ஒரு காரணம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் 1973-லேயே ஆல்டோ என்ற கம்ப்யூட்டரோடு மவுஸ் இருந்தது. ஆனால் அது கடைச் சரக்கு அல்ல. ஆப்பிள் 1983-இல் விற்ற லிசாவின் விலை 9,995 டாலர். 1984-இல் மெக்கின்டாஷ் 2,495 டாலருக்கு வந்தபோதுதான் வீட்டுக்கு வாங்கலாம் என்று சிலராவது நினைத்தார்கள்.

இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது. மவுஸை எங்கே சொருகுவது?

ஆப்பிளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கம்ப்யூட்டரும் அவர்களுடையது, மவுஸும் அவர்களுடையது. பின்னால் ஓர் இடம் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் உலகமெங்கும் பரவியது 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியும் அதைப் பார்த்துச் செய்த நகல்களும். அந்த முதல் ஐபிஎம் பிசியின் முதுகைப் பார்த்தால் இரண்டே இரண்டு வட்டத் துளைகள். ஒன்று கீபோர்டுக்கு, இன்னொன்று டேப் ரெக்கார்டருக்கு. மற்ற எதுவானாலும் உள்ளே இருக்கும் ஐந்து ஸ்லாட்டுகளில் ஒன்றில் அதற்குரிய கார்டைப் பொருத்த வேண்டும். வீடு கட்டியவர்கள் மவுஸ் என்ற விருந்தாளியை எதிர்பார்க்கவே இல்லை.

விருந்தாளி இரண்டு வழியில் உள்ளே வந்தார். முதல் வழி, தனக்கென்று ஒரு கார்டையே கொண்டுவருவது. 1983-இல் மைக்ரோசாஃப்ட் விற்ற மவுஸ் இப்படித்தான் வந்தது. விலை 195 டாலர், இரண்டு பச்சைப் பொத்தான்கள். கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து, ஸ்லாட்டில் கார்டைச் செருகி, அதில் மவுஸை இணைக்க வேண்டும். இதற்குப் பஸ் மவுஸ் என்று பெயர். டிஸ்ப்ளே, பிளாப்பி, பிரிண்டர் என்று கார்டுகளைப் போட்ட பிறகு, மவுஸுக்கு ஒரு ஸ்லாட்டை விட்டுக்கொடுக்கப் பலருக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது வழி, அடுத்தவர் வாசல் வழியாக வருவது. அந்த வாசல்தான் சீரியல் போர்ட். ஆர்எஸ்-232 என்ற அந்த இணைப்பு முறை 1960-இல் தந்தி எழுதும் இயந்திரங்களுக்கும் மோடத்துக்கும் வகுக்கப்பட்டது. முதலில் 25 பின், 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி கம்ப்யூட்டரிலிருந்து 9 பின். அந்த ஒன்பது பின்னில் மவுஸுக்கென்று ஒன்றுகூடக் கிடையாது. முக்கியமாக, கரண்ட் கொடுக்கும் பின் கிடையாது. மோடத்துக்குத் தனி கரண்ட் உண்டு, அதனால் யாரும் அதை யோசிக்கவில்லை.

இங்கேதான் பொறியாளர்களின் சாமர்த்தியம். "நான் தயார்", "அனுப்பட்டுமா" என்று மோடத்துக்குச் சைகை காட்ட இரண்டு கம்பிகள் உண்டு. சைகை என்றால் மின்னழுத்தம்தானே? அந்தச் சைகைக் கம்பிகளில் வரும் சில மில்லியாம்பியரை உறிஞ்சியே மவுஸ் உயிர் வாழ்ந்தது. 1985-இல் லாஜிடெக் இப்படிச் சீரியல் போர்ட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் மவுஸைக் கொண்டுவந்தது. தனி அடாப்டரோ, கார்டோ வேண்டாம்.

பேச்சு முறையும் எளிமையானது. கம்ப்யூட்டர் அந்தச் சைகைக் கம்பி ஒன்றை அணைத்துப் போட்டால், மவுஸ் விழித்துக்கொண்டு ஆங்கிலத்தின் 'எம்' என்ற ஒரே எழுத்தை அனுப்பும். "உள்ளேன் ஐயா" என்று நீங்கள் வருகைப்பதிவுக்குச் சொல்வது போல. பிறகு ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று பைட். எந்தப் பொத்தான், பக்கவாட்டில் எவ்வளவு, மேல்கீழ் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். வேகம் வினாடிக்கு 1,200 பிட். தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு 9 பிட், மூன்றுக்கு 27. வகுத்துப் பாருங்கள், வினாடிக்குச் சுமார் 44 செய்தி. அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடுவதாக நம் கண்ணை நம்ப வைக்க அது போதுமானதாக இருந்தது. நகர்வை அளக்கும் அலகுக்குப் பெயர் மிக்கி. ஆமாம், மிக்கி மவுஸேதான்.

அடுத்தவர் வாசலில் வந்ததால் தகராறும் உண்டு. முதல் சீரியல் போர்ட்டும் மூன்றாவதும் பிராசஸரைக் கூப்பிட ஒரே மணியைப் பயன்படுத்தின. மவுஸ் ஒன்றிலும் மோடம் மூன்றிலும் இருந்தால், இன்டர்நெட் இணைந்ததும் மவுஸ் உறைந்துவிடும். காரணம் புரியாமல் அந்தக் காலத்தில் எத்தனை பேர் மவுஸைத் தட்டியிருப்போம்!

கடைசியில் 1987 ஏப்ரலில் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களில் மவுஸுக்கென்றே ஆறு பின் உள்ள வட்டத் துளையை வைத்தது. ஐந்து வோல்ட் கரண்ட்டும் அதிலேயே வந்தது. பிறந்து இருபத்து மூன்று வருடம் கழித்து மவுஸுக்குச் சொந்த வாசல் கிடைத்தது. எங்கல்பார்ட்டின் காப்புரிமை காலாவதியானதும் அதே 1987-இல்தான். காப்புரிமை அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரில் இருந்தது. மவுஸுக்காக ராயல்டி என்று அவர் கைக்கு எதுவும் வரவில்லை. 1997-இல் டூரிங் விருது வந்தது. 2013-இல் காலமானார்.

நகல் கம்ப்யூட்டர்களில் இந்த வட்டத் துளை பரவலாக வர 1990-களின் பிற்பாதி ஆனது. அந்த இடைக்காலத்தில் சீரியலிலும் பிஎஸ்/2-விலும் ஓடும் மவுஸ்கள் விற்றார்கள். கூடவே ஒரு சின்ன அடாப்டர், ஒரு பக்கம் ஆறு பின், மறுபக்கம் ஒன்பது. அந்த அடாப்டருக்குள் வெறும் கம்பிகள்தான் இருக்கின்றன. எதையும் எதுவாகவும் மாற்றாது. இரண்டு மொழியும் தெரிந்த மவுஸாக இருந்தால், எந்த வாசல் என்று பார்த்து அந்த மொழியில் பேசும். பிஎஸ்/2 மட்டும் தெரிந்த மவுஸை அதே அடாப்டரில் மாட்டினால் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் ஒரு சொல் பேசாது. பழுது எதுவும் இல்லை. மொழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

1990-களின் கடைசியில் நம் கம்ப்யூட்டர் அறையில் ஒரு மவுஸ் தேய்ந்துபோக, நான் கடையில் புதிது வாங்கிவந்தேன். முனை வட்டமாக இருந்தது. கடைக்காரர் டப்பாவில் கிடந்த அடாப்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிளஸ் ஒன் படித்த ஒரு மாணவன் ஆசையாக வாங்கி மாட்டினான். நகரவில்லை. கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, நாலு தடவை பார்த்தான். "சார், மவுஸ் நல்லாத்தான் இருக்கு சார். கம்ப்யூட்டருக்குத்தான் அதைத் தெரியலை" என்றான். நான் கேட்கவில்லை. "கை வச்சா சும்மா இருக்க மாட்டியா? புதுசையும் கெடுத்துட்டியே" என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன். இருப்புப் பதிவேட்டில் 'பழுது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதுவரை மதியச் சாப்பாடு முடிந்ததும் தினமும் அந்த அறைக்கு வந்துகொண்டிருந்தவன், பிறகு வரவில்லை.

அவர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார். என் பதிவுகளுக்கு விருப்பக்குறி போடுவார். அந்த மவுஸ் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பெயர் சொல்லவில்லை, படித்தால் அவருக்கே தெரியும். தம்பி, அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி. பதினாறு வயதில் நீ கண்டுபிடித்ததை நான் புரிந்துகொள்ள இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. நீ எதையும் கெடுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் திட்டியதால், மன்னிப்பையும் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். மன்னித்துவிடு.

486 வைத்திருக்கும் மாணவருக்கு என் பதில்: மவுஸைத் திருப்பி அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள். சீரியல் என்ற சொல் இல்லாமல் பிஎஸ்/2 மட்டும் இருந்தால் அந்த அடாப்டரால் பயனில்லை. ஒன்பது துளை முனையோடு வந்த அசல் சீரியல் மவுஸ் வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மாட்டி, டாஸில் மவுஸ் டிரைவரை ஏற்றிப் பாருங்கள்.

உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது அப்படி ஒரு மவுஸ் கிடந்தால் கமெண்டில் சொல்லுங்கள். தபால் செலவு என்னுடையது.

அன்புடன்,
உங்கள் சார்