பச்சையப்பர் மரணசாசனமும் கல்வியறமும்

தமிழ்நாட்டிலே கல்விக்குப் பொருள் வழங்குதல் நெடுங்காலம் நிலக்கொடையாகவே நிகழ்ந்தது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு இதற்குச் சிறந்த சான்று. அவ்வூர்க் கோயிலைச் சார்ந்து நடந்த கல்லூரியில் 340 மாணாக்கர் கற்றனர். அவர்தம் உணவுக்கும் ஆசிரியர் ஊதியத்திற்கும் 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. இன்ன பாடம் கற்பார்க்கு நாளொன்றுக்கு இத்துணை நெல் என்பது வரையில் கல்லிலே வெட்டப்பட்டுள்ளது. கொடுத்தவன் அரசன்; கணக்கு வைத்தது ஊர்ச்சபை; விளைவு தந்தது நிலம். இம்மூன்றில் எது தளர்ந்தாலும் அறம் தளர்வது இயல்பு. பிற்காலத்தில் மூன்றுமே தளர்ந்தன.

கும்பனியார் ஆட்சியில் செல்வம் நிலத்தினின்றும் நீங்கி வட்டிக்கும் வாணிகத்திற்கும் சென்றது. ஆதலின் ஈகையும் வேறு உருவம் கொள்ள வேண்டியதாயிற்று. அம்மாற்றத்தை ஒருவர் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம். அவரே காஞ்சிபுரம் பச்சையப்ப முதலியார்.

அவர் 1754ஆம் ஆண்டு பிறந்தார். பிறக்குமுன்னரே தந்தை இறந்துவிட்டார். ஆதரவற்ற தாயும் பிள்ளைகளும் சென்னையிலே நாராயண பிள்ளை என்னும் துபாசியின் நிழலை அடைந்தனர். அவரிடம் தொழில் பயின்ற பச்சையப்பர் தாமும் துபாசியாகிப் பெரும் பொருள் ஈட்டினார். தஞ்சை அரசருக்கே கடன் கொடுக்கும் நிலையை எய்தினார். அக்காலத்துத் துபாசிகள் பொருளீட்டிய வழிகள் யாவும் ஆராய்ச்சிக்கு நிற்பன என்று சொல்லுதற்கில்லை. ஆயினும் ஈட்டியதை எவ்வாறு விட்டுச்சென்றார் என்பதே ஈண்டு வேண்டுவது.

1794ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தஞ்சைநாட்டிலே நோய்வாய்ப்பட்டிருந்தபோது அவர் மரணசாசனம் எழுதிவைத்தார். அம்மாத இறுதியிலே காலமானார். வயது நாற்பது. காசி முதல் தென்னாட்டுத் தலங்கள் வரையில் நடைபெற வேண்டிய பூசை, அன்னதானம் முதலியவற்றையே அச்சாசனம் முதன்மையாகக் குறித்தது. ஆங்கிலப் பாடசாலை என்னும் எண்ணம் அதிலே இல்லை. 1794ஆம் ஆண்டில் எவருக்கும் அது தோன்றியிருத்தல் அரிது. இன்று அவர் பெயரால் விளங்கும் கல்லூரியை அவர் நினைத்ததேயில்லை என்பது பலர் அறியாத செய்தி.

சாசனம் எழுதுதல் எளிது. அதன்படி நடப்பித்தல் அரிது. உரிமை கோரிய உறவினர் ஒருபுறமும், பொருளைக் கையில் வைத்திருந்தோர் மறுபுறமுமாக வழக்கு நீண்டது. அறங்கள் நின்றன. எழுதியவர் மறைந்து ஒரு தலைமுறை கழிந்தபின், சென்னை அரசாங்கத்தின் அட்வகேட் ஜெனரலாயிருந்த கொம்ப்டன் இதனைப் பொதுநல வழக்காக எடுத்து நடத்தினார். அவருக்குப்பின் அப்பதவிக்கு வந்த சோர்ச் நோர்ட்டன் அதனை முடிவுவரை கொண்டுசென்றார். அக்காலத்து உச்சநீதிமன்றம் கோயில் அறங்களுக்கென ஒரு லட்சம் வராகனை, அஃதாவது மூன்றரை லட்சம் ரூபாவை, நிலைநிறுத்தியது. இதற்கிடையில் வட்டி வளர்ந்து மூலத்தை விஞ்சியிருந்தது. அந்த மிகுதியைக் கல்விக்குச் செலவிடலாம் எனவும் மன்று தீர்த்தது. கொடுத்தவர் கருத்துக்கு மாறாகாமல், அவர் கருதாத நன்மை ஒன்றும் அவர் பொருளால் விளைய இடமாயிற்று.

தாமதமே இங்கு வரமாய் முடிந்தது. வழக்கு விரைவில் முடிந்திருந்தால் மிகுதியும் இல்லை, பள்ளியும் இல்லை. எனினும் அந்த அரை நூற்றாண்டில் பட்டினி கிடந்த ஏழைகளை எண்ணுவோர் இதனை முழு மகிழ்ச்சியோடு சொல்ல மாட்டார்.

1842ஆம் ஆண்டு சனவரியில் சென்னைக் கறுப்பர் பட்டணத்திலே பச்சையப்பர் பாடசாலை திறக்கப்பட்டது. ஏழை இந்துச் சிறுவருக்கு ஆங்கிலமும் தமிழும் தெலுங்கும் சம்பளமின்றிக் கற்பிக்கப்பட்டன. மிசன் பாடசாலைகளையன்றி வேறு புகலில்லாதிருந்த குடும்பங்களுக்கு அது பெரும் பேறு. 1850ஆம் ஆண்டு கிரேக்கக் கோயிலொன்றின் தூண்வரிசையைப் பின்பற்றிய மண்டபம் ஒன்றும் எழுந்தது. சிவதரும நிதியிலிருந்து கிளைத்த பள்ளிக்கு அவ்வடிவம் எவ்வாறு பொருந்தியதோ! காஞ்சிபுரத்திலும் சிதம்பரத்திலும் கிளைப்பள்ளிகள் தோன்றின. 1889ஆம் ஆண்டு சென்னைப் பள்ளி முதல்தரக் கல்லூரியாயிற்று.

அறக்கட்டளை பிறருக்கு அடைத்த கதவையும் மறைத்தல் தகாது. இந்துக்களுக்கே உரியது என்னும் விதி 1947ஆம் ஆண்டு வரையில் நின்றது. இந்துக்களுள்ளும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நெடுங்காலம் வெளியே நிறுத்தப்பட்டனர். இறந்தவரின் எழுத்து நன்மையைக் காப்பதுபோலவே குறையையும் காத்துநிற்கும்.

பெருஞ்செல்வர் ஒருவரின் சாசனத்துக்குக் காத்திராமல் பள்ளி நடத்திய ஊர்களும் உண்டு. விருதுபட்டி வணிகர் சரக்கு மூட்டைதோறும் மகமை எடுத்துப் பொதுநிதி சேர்த்தனர். 1880களில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடியரிசியும் திரண்டது. உலையிலிடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்த பெண்களின் பெயர்கள் எந்தச் சாசனத்திலும் இல்லை. அவ்வரிசியால் நடந்த பள்ளியிலேதான் பிற்காலத்து முதலமைச்சர் காமராசர் சிறுவயதிற் பயின்றார். இவ்வகைக் கொடைக்கு வழக்கு வாராது. ஆனால் ஊரார் ஊக்கம் குன்றிய நாளிலே அரிசியும் நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்தில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அனுபவம் வாய்த்தது. ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். சைவப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதற்கென 1872ஆம் ஆண்டு அவர் தொடங்கிய மற்றொரு வித்தியாசாலையோ பொருள்முட்டினாலே சில ஆண்டுகளில் மூடப்பட்டது. நாவலரின் சொல்லுக்கு அஞ்சிய ஊர் அவர் பள்ளிக்குப் பணம் கொடுக்கப் பின்வாங்கியது. அவர் 1879ஆம் ஆண்டு மறைந்தபின், 1888ஆம் ஆண்டு சைவபரிபாலன சபை தோன்றியது. தனியார் முயற்சியாய் நடந்துவந்த ஆங்கிலப் பாடசாலையொன்று 1890ஆம் ஆண்டு அச்சபையின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது.