பத்திரிகைக் கூடத்திலிருந்து பல்கலைக்கழகத்திற்கு: கோலாலம்பூரிற் பிறந்த கைலாசபதி

சென்ற தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், “கிராணியாரே, இது பத்துமலை எனில் மற்ற ஒன்பது மலைகள் எங்கே?” என்று என்னைக் கேட்டார். மலாய் மொழியிற் ‘பத்து’ என்றால் கல், அருகே ஓடும் ஆற்றின் பெயரும் அதுவே, எண்ணுக்கும் இதற்கும் உறவில்லை என்றேன். அவருக்குத் திருப்தி உண்டாகவில்லை. தமிழகத்து ஆறு படைவீடுகளோடு இந்நாட்டு முருகன் தலங்கள் நான்கையும் கூட்டினால் இது பத்தாவது என்று அவர் யாரிடமோ கேட்டிருக்கிறார். அதுவே அவருக்கு இனித்தது. தம்புசாமிப் பிள்ளை 1891-இல் இக்குகையிற் கோயில் எடுப்பித்தார் என்று நான் சொன்ன வரலாறு அவ்வளவு இனிக்கவில்லை.

அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஒரு கதையைக் கேட்டவுடன் அதனைக் கும்பிடவும் வேண்டா, எள்ளி நகையாடவும் வேண்டா; யார், எக்காலத்தில், எத்தேவை பற்றி அதனைச் சொல்லத் தொடங்கினர் என்றே கேட்கவேண்டும். இவ்வாறு கேட்க என்னைப் பழக்கியவை க. கைலாசபதியின் நூல்கள். ஈழத்துப் பேராசிரியர் என்றே அவரை நம்மவர் அறிவர். இக்குன்றிலிருந்து ஏறக்குறைய 8 மைல் தொலைவிலுள்ள கோலாலம்பூரில், 1933 ஏப்ரல் 5-ஆம் நாள் பிறந்தவர் அவர் என்பதை நம்மிற் பலர் அறியார்.

அக்காலத்து இந்நாட்டில் யாழ்ப்பாணத்தார் ரயில்வேயிலும், அரசாங்கக் காரியாலயங்களிலும், தோட்டக் காரியாலயங்களிலும் ஆங்கிலமறிந்த உத்தியோகத்தராய் இருந்தனர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அவர்களது குடியிருப்பும் கோயிலும் இன்றும் உள்ளன. பால்மரக் காட்டில் உழைத்தவர்களோ தமிழகத்திலிருந்து கங்காணிமார் வாயிலாகக் கொண்டுவரப்பட்டோர். இரு சாராரும் பேசியது தமிழே. ஆயினும் ஒரு பந்தியிற் பெரும்பாலும் அமர்ந்தாரில்லை. இன்று நான் அமர்ந்திருக்கும் கிராணி நாற்காலி அவ்வேற்றத்தாழ்வின் எச்சமே. ஆதலின் மலாயாவிற் பிறந்த யாழ்ப்பாணத்துச் சிறுவன் ஒருவன் பிற்காலத்தில் எப்பக்கம் நின்றான் என்பது எனக்கு வெறும் புத்தகச் செய்தியன்று.

கோலாலம்பூர் ஜப்பானியர் வசமான 1942-இல் அவருக்கு வயது 8. யுத்தம் முடிந்தபின் யாழ்ப்பாணம் சென்று இந்துக் கல்லூரியிலும், பின்பு கொழும்பு ராயல் கல்லூரியிலும் பயின்றார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1957-இல் தமிழை முதன்மையாகக் கொண்டு முதல் வகுப்பிற் தேறினார். முதல் வகுப்பிற் தேறியவன் விரிவுரையாளனாவதே வழக்கம். இவரோ பத்திரிகை வேலைக்குச் சென்றார்.

அவர் புகுந்த இடம் கொழும்பிலுள்ள லேக் ஹவுஸ். அங்கிருந்து 1932 முதல் வெளிவரும் தமிழ்த் தினசரி ‘தினகரன்’. 1959-இல், 26 வயதில், அதன் ஆசிரியரானார். அந்நாளில் அந்நிறுவனம் தனியார் முதலாளிகளின் உடைமை; இடதுசாரிகளுக்கு அதன் ஏடுகள் நண்பரல்ல. ஆசிரியரோ மார்க்சியர். இம்முரண்பாட்டைச் சிலர் அன்றும் குத்திக் காட்டினர். நான் அதனைக் குற்றமாகக் கொள்ளேன். பிறருடைய கணக்கேட்டில் நேர்மையாக எழுதலாம் என்பது கிராணி வேலை பார்ப்பவனுக்குத் தெரியாததன்று.

அவர் அந்நாற்காலியில் இருந்தது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளே. அதற்குள் இலக்கியப் பக்கத்தின் வாயில் அகலத் திறந்தது. அதுவரை ஈழத்து ஏடுகள் தமிழகத்துச் சஞ்சிகைகளின் நிழலிலேயே ஒதுங்கிக் கிடந்தன. ஈழத்து மண்ணும், ஈழத்து மக்களின் பேச்சும், அவர்தம் துன்பமும் கதைக்குப் பொருளாகலாம் என்று வாதாடியவர்கள் முற்போக்கு எழுத்தாளர்கள். அவர்களுக்குத் ‘தினகரன்’ இடம் தந்தது. டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்றோர் சாதியின் அடித்தட்டிலிருந்து எழுதவந்தவர்கள். அவர்களது எழுத்து ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் முகஞ்சுளித்தனர். மீன்காரியும் நாவிதனும் கதையில் வரலாம், ஆனால் இலக்கண சுத்தமாகப் பேசவேண்டும் என்பதுபோலும் அவர்கள் எண்ணம்! ‘மரபுப் போராட்டம்’ எனப் பெயர்பெற்ற அவ்விவாதத்தில் கைலாசபதி நின்றது எழுதவந்தவர்களின் பக்கம்.

1961-இல் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பி விரிவுரையாளரானார். பத்திரிகைக் கூடத்திலிருந்து அவர் கொண்டுசென்றது ஒன்றுண்டு: தெருவில் நிற்பவனுக்கும் விளங்கும்படி எழுதும் வழக்கம். பாரதியையும் தாகூரையும் ஒப்பிட்ட ‘இரு மகாகவிகள்’ 1962-இல் வெளிவந்தது. ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ 1966-இல் வந்தது. சமணமும் பௌத்தமும் வணிகர் துணையோடு ஓங்கின. நிலவுடைமையாளர் பக்கம் நின்று எழுந்தது பக்தி இயக்கம். பாட்டிற் கேட்பது பக்தியாயினும் அதனடியில் நிலமும் வாணிபமும் மோதுகின்றன என்று அந்நூலில் அவர் காட்டினார். பக்தர்க்கு இது கசக்கும். கோயிலையே வெறுப்பவர்க்கும் இது முழுதும் இனிக்காது. ஏனெனில் பக்தியை வெறும் புரட்டு என்று அவர் தள்ளவில்லை, அது மக்களைத் திரட்டிய ஆற்றலை ஒப்புக்கொண்டே காரணம் தேடுகிறார்.

இனி அவருடைய பெரிய நூல். இங்கிலாந்திலே பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திற் கிரேக்கப் பேராசிரியராயிருந்தவர் ஜார்ஜ் தாம்சன் என்னும் மார்க்சிய அறிஞர். அவரிடம் பயின்று கைலாசபதி டாக்டர் பட்டம் பெற்றது 1966-இல். அதே ஆண்டு ஏப்ரலில், அவர் பிறந்த கோலாலம்பூரில், தனிநாயகம் அடிகளின் முயற்சியால் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது. அவ்வாராய்ச்சி ‘தமிழ் வீரயுகக் கவிதை’ எனப் பொருள்படும் ஆங்கில நூலாக 1968-இல் ஆக்ஸ்போர்டில் அச்சாயிற்று.

அதன் வாதத்தைச் சுருங்கச் சொல்வேன். ஹோமரின் காவியங்கள் ஏட்டில் எழுதப்பட்டவையல்ல, வாய்மொழியாகப் பாடப்பட்டவை என்று மில்மன் பாரி என்னும் அமெரிக்கர் கண்டார். எழுத்தறியாப் பாடகர்கள் ஆயிரக்கணக்கான வரிகளை எவ்வாறு பாடுகின்றனர் என்பதை அவர் 1930-களில் யுகோஸ்லாவியாவிற் சென்று கேட்டார். ஆயத்தமாயுள்ள சொற்றொடர்களையும் நிகழ்ச்சிகளையும் கோத்துப் பாடுவதே அவர்கள் முறை. கைலாசபதி இவ்வளவுகோலைப் புறநானூறு முதலியவற்றின்மேல் வைத்தார். மீண்டும் மீண்டும் வரும் அடைமொழிகள், ஒரே அச்சில் வார்த்த போர்க்களக் காட்சிகள், துறைகளின் ஒழுங்கு ஆகியவை யாவும் பாணரும் பொருநரும் விறலியரும் பாடித் திரிந்த உலகத்தின் சுவடுகள் என்றார்.

நான் ஆங்கிலப் பாடத்திலேயே வளர்ந்தவன். வெட்கத்தோடு ஒன்று சொல்லவேண்டும்: புறநானூற்றை நான் முதலில் அறிந்தது இவ்வாங்கில நூலின் வழியே. ஹோமரைப் பள்ளிப் பருவத்திற் படித்திருந்தேன்; என் பாட்டனார் பாட்டை அறியேன். இந்நூலைப் படித்தபின்னரே மூலத்தைத் தேடி வாங்கினேன். எங்கள் லயத்திற் கிழவிமார் பாடும் ஒப்பாரியில் ஒரே தொடர் ஆளுக்கு ஆள் மாறிமாறி வருவதை அதற்குமுன் நான் காதுகொடுத்துக் கேட்டதுமில்லை.

இவ்வாதத்தை எல்லாரும் ஏற்றாரில்லை. ஜார்ஜ் ஹார்ட் 1975-இல் வெளியிட்ட நூலில் வேறு முடிபு கூறினார்: சங்கப் புலவர்கள் எழுத்தறிந்தோர், தாழ்ந்த குலத்துப் பாணர்களின் வாய்மொழிப் பாட்டை முன்மாதிரியாகக் கொண்டு அவர்கள் இயற்றியவையே இப்பாடல்கள் என்றார். என் சிற்றறிவுக்கு ஹார்ட்டின் கூற்றே பொருத்தமாகத் தோன்றுகிறது. அகப்பாட்டின் நுட்பம் ஓடிப்பாடும் வாய்க்கு எளிதன்று. எனினும் இருவர் கூற்றிலும் பாணன் வாசலில் நிற்கிறான் என்பதை நோக்குக. அவனைப் பேச்சுக்குள் வலிந்து அழைத்துவந்தவர்களுள் கைலாசபதி ஒருவர்.

‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968-இல் வந்தபோது வெங்கட் சாமிநாதன் அதனைக் கடுமையாகத் தாக்கினார். கலையின் அழகைச் சமூகக் காரணத்துள் அடக்கிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. முற்றும் பொய்யன்று. தம் கொள்கைக்கு ஒத்த எழுத்தைச் சற்று உயர்த்தியும், ஒவ்வாததைச் சற்றுத் தாழ்த்தியும் நிறுத்தது அவர் தராசு. எஸ். பொன்னுத்துரை முற்போக்கணியை விட்டு வெளியேறி ‘நற்போக்கு’ என்று தனிக்கொடி நாட்டியதும், மு. தளையசிங்கம் எதிர்த்து எழுதியதும் இக்குறையால் வளர்ந்த பிணக்குகளே.

யாழ்ப்பாணத்தில் 1974-இல் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். தமிழருக்குத் திருகோணமலையிற் பல்கலைக்கழகம் வேண்டுமென்று கேட்டிருந்த தமிழரசுக் கட்சியார் இதனை விரும்பவில்லை. அரசாங்கத்தின் கையாள் என்ற பழிச்சொல்லும் அவர்மேல் விழுந்தது. திருநெல்வேலியில் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் வகுப்புகள் தொடங்கின. 1977-இல் ஆட்சி மாறியது, தலைமையும் மாறி சு. வித்தியானந்தனிடம் சென்றது. அவ்வளாகமே 1979 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். பதவி போனபின் கைலாசபதி அங்கேயே பேராசிரியராய்ப் பாடஞ் சொன்னார்.

கடைசி ஆண்டுகளில் அவர் கவனம் மீண்டும் பாரதிபாற் சென்றது. பதிப்புக்குப் பதிப்பு பாரதியின் சொற்கள் மாறிக்கிடப்பதைச் சுட்டி, பாடபேத ஆராய்ச்சி பற்றி 1980-இல் ஒரு நூல் வெளியிட்டார். அச்சுப்பிழையின் கேட்டைப் பத்திரிகைக் கூடத்திற் கண்டவர்க்கு இவ்வேலை இயல்பாகவே வரும். பாரதி நூற்றாண்டு நாள் 1982 டிசம்பர் 11. அதற்கு ஐந்து நாள் முன்பு, டிசம்பர் 6-ஆம் நாள், தமது 49-ஆம் வயதிற் கைலாசபதி காலமானார்.