அழிப்பதற்கென்று ஒரு பலகை

சிக்கல் ஒன்று எழுந்தவுடன் நாலு பேர் வெண்பலகையைச் சூழ்ந்து நின்று, கோடு கிழித்தும் வட்டம் போட்டும், போட்டதை அழித்து மறுபடி எழுதியும் யோசிக்கின்ற இக்கால அலுவலக வழக்கத்தைக் காண்பவர்கள், அது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுமை என்றே எண்ணக்கூடும். ஆனால் எழுதுவதற்கு மட்டுமன்றி அழிப்பதற்கென்றும் ஏற்பட்ட பலகை மிகப் புராதனமானது. பாரத தேசத்துக் கணிதர்கள் பலகைமீது தூசியைப் பரப்பி, விரலாலோ குச்சியாலோ இலக்கங்களை எழுதிக் கணக்கிட்டு வந்தனர். அதற்குத் தூளிகர்மம் என்று பெயர். நம் இலக்கங்களோடு அந்த முறையும் அரபு நாடுகளுக்குச் சென்றது. கி.பி. 952ஆம் ஆண்டையொட்டி டமாஸ்கஸ் நகரில் கணித நூல் இயற்றிய அல்-உக்லிதிசி என்பவர், தூசிப் பலகையை விட்டு மையையும் காகிதத்தையும் கைக்கொள்ளுமாறு வற்புறுத்தினார். தெருவோரச் சோதிடர்கள் அப்பலகையை வைத்துப் பிழைப்பதும் அவருக்கு அது பிடிக்காமற்போனதற்கு ஒரு காரணம். பாவம், சோதிடர்கள்!

நம்மவர் மணலை அவ்வளவு எளிதில் விடவில்லை. பனையோலையில் எழுத்தாணியால் கீறியது கீறியதுதான். ஆகையால் கை திருந்தும்வரை திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலிலேயே விரலால் எழுதிப் பழகினார்கள். தப்பாகப் போட்ட எழுத்து ஒரு கைவீச்சில் மறைந்துபோகும். 1789இல் சென்னை எழும்பூரில், இராணுவத்தாரின் அனாதைச் சிறுவர்களுக்கான பள்ளியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், அக்காலத்து ஆங்கிலேயர் ‘மலபார்’ என்று குறிப்பிட்ட நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் இக்காட்சியைக் கண்டு, தம் பள்ளியிலும் அதனைப் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் முகம் சுளிக்கவே, ஏறத்தாழ எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே மற்றப் பிள்ளைகளுக்கு மணலில் எழுதக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூலின் வாயிலாக, பிள்ளையைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அம்முறை ‘மதராஸ் முறை’ என்று பிரசித்தி பெற்றது. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளும் மணல் பரப்பிய மேசைகளில் விரல் பதித்தார்கள்.

பிறகு சிலேட்டும் பலப்பமும் வந்தன. வகுப்புச் சுவரில் கரும்பலகை ஏறியது. கோவை இலையைக் கசக்கித் தேய்த்துச் சிலேட்டைக் கறுப்பாக்கிய கைகள் இந்நாட்டில் எத்தனையோ. ஆயினும் சிலேட்டின் சக்தி முழுவதையும் காட்டியவர் ஒருவரே என்பது என் அபிப்பிராயம். கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு ஸ்ரீநிவாச ராமானுஜன் கணக்குப் போடுவார். துணி எடுத்துத் துடைக்கவும் பொறுமையின்றி முழங்கையாலேயே அழித்துவிட்டு மேலே எழுதுவார். அம்முழங்கை கறுத்துக் காய்த்துப்போயிருந்ததை நண்பர்கள் நினைவுகூர்ந்திருக்கின்றனர். காகிதம் அவருடைய வறுமைக்கு எட்டாத பொருள். ஆகவே முடிவு கிட்டிய பின்னரே அதனை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். நிரூபணங்களை விரிக்காமல் சூத்திரங்களைத் தொகுத்துக்கொண்டே போகும் கார் என்பவரின் நூலே அவருக்கு இளமையில் ஆசானாக வாய்த்தமையும் இவ்வழக்கத்திற்கு ஒத்தாசை செய்தது.

அனுகூலமும் நஷ்டமும் இங்கே ஒன்றாகவே பிறந்தன. தப்பினாலும் காசு போகாது, சாட்சியும் நில்லாது என்ற தைரியத்தில்தான் அந்த மனம் எவரும் போகாத திசைகளிலெல்லாம் துணிந்து சென்றது என்று நான் கருதுகிறேன். ஆனால் சென்ற வழி முழங்கையோடு போயிற்று. 1957இல் டாட்டா ஆராய்ச்சி நிலையம் அந்நோட்டுப் புத்தகங்களை உள்ளபடியே அச்சிட்டது. அமெரிக்கக் கணிதரான புரூஸ் பெர்ண்ட், பிறர் கண்ட நிரூபணங்களைத் தொகுத்தும் இல்லாதவற்றைத் தாமே கண்டும் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் நிறைவேற 1998ஆம் ஆண்டாயிற்று. அவையும் இக்காலத்தார் கண்ட வழிகளே. சிலேட்டில் இருந்த வழி அதுதானா என்று சொல்வார் இல்லை.

1920 ஏப்ரல் 26ஆம் தேதி சேத்துப்பட்டில் அவர் காலமானபோது எஞ்சிய கடைசி ஆண்டின் தாள்கள், 1976இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. அறுநூற்றுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள் அவற்றில் உள்ளன. அவற்றை எழுதிய காலத்தில் அவருக்குச் சர்வகலாசாலையின் உதவித்தொகை இருந்தது, காகிதத்துக்குப் பஞ்சமில்லை. இருந்தும் அந்தத் தாள்களிலும் முடிவுகள்தாம் இருக்கின்றன, நிரூபணங்கள் இல்லை.