புறப்பாடும் நிலப்படமும்: இணைய மாயாலோக ஆட்டங்களின் காலக்கணக்கைத் திருவரங்கத்திலிருந்து பார்த்தல்

பலர் இணையத்தில் கூடி ஆடும் மாயாலோக ஆட்டங்களில் நிலப்படத்தை ஒருவர் வரைகிறார், நாட்காட்டியை இன்னொருவர் எழுதுகிறார். ஆய்வாளர்களும் இரண்டையும் தனித்தனித் தலைப்புகளாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பிரிவினை தவிர்க்க முடியாத ஒன்றல்ல என்பதே என் வாதம். ‘எங்கே’ என்பதை ‘எப்போது’ முடிவுசெய்கிற ஓர் உலகம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கணினி ஆட்டங்களின் நாட்காட்டி பெரும்பாலும் வெறும் அலங்காரமாக நின்றுபோவதன் காரணம் புலப்படும்.

முதலில் ஆட்டங்களின் கதை. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்ற ஆட்டத்தில் படம் கிடையாது, எழுத்து மட்டுமே. அறை பற்றிய விவரணை திரையில் வரும். வடக்கு, தெற்கு என்று தட்டினால் அடுத்த அறை. இவ்வகை ஆட்டங்களில் நிலப்படம் வரைவது ஆடுபவரின் வேலை. அதுவும் எளிதல்ல: வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் பழைய அறைக்கே வந்துசேர்வோம் என்ற உறுதி எல்லா இடத்திலும் இல்லை. ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்துப் பார்ட்டில் 1996இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ‘தேடிகள்’ தனி வகையாக வருவதில் வியப்பில்லை.

காலம் அப்படி யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பொருளாக இருக்கவில்லை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பிறந்து 1991இல் வெளியான ‘டிகுமட்’டில் நம் 75 விநாடி அங்கே ஒரு மணி நேரம். 24 மணிக்கு ஒரு நாள், 35 நாளுக்கு ஒரு மாதம், 17 மாதத்துக்கு ஓர் ஆண்டு. நம் கணக்கில் பன்னிரண்டு நாள் சொச்சத்தில் அங்கே ஓராண்டு முடிந்துவிடும். 1999இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’டில் ஒரு நாள் என்பது நம் 72 நிமிடம். இந்தக் காலம் என்ன செய்தது? இருட்டியது, விடிந்தது, டிகுமட்டில் கடைகள் மூடித் திறந்தன, மாதம் மாறினால் வானிலைக் கணக்கு சற்று மாறியது. பெரும்பாலும் அவ்வளவுதான். பதினேழு மாதத்தில் எந்த மாதம் நடக்கிறது என்று தெரியாமலே ஒருவர் வருடக்கணக்கில் ஆடிவிடலாம். எல்லாச் சக்கரமும் மீதமின்றி வகுபடுவதால் எதுவும் எதோடும் மோதுவதில்லை. மோதல் இல்லாத இடத்தில் யாரும் கூடி முடிவெடுக்கவும் தேவையில்லை.

இனி அரங்கம், அதாவது திருவரங்கத்துப் பெருமாள் கோயில். ஏழு திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள், 156 ஏக்கர் என்று வழிகாட்டி நூல்கள் சொல்வது நின்றுகொண்டிருக்கும் கட்டடத்தின் அளவு. பெருமாளின் ஆட்சி எல்லையை அதைக்கொண்டு அறிய முடியாது. உற்சவ மூர்த்தியான நம்பெருமாள் எந்த நாளில் எதுவரை எழுந்தருளுகிறார் என்று பார்த்தால்தான் தெரியும். சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில் ஓடும். தைத் தேர் அதற்கு உட்பட்ட உத்திர வீதிகளில். பங்குனித் திருநாளில் மேற்கே காவிரிக் கரையில் உள்ள ஜீயபுரம் வரை போவார். அதே திருநாளில், ஆயில்யத்தன்று ஆற்றைக் கடந்து உறையூர்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி. உத்திரத்தன்று அரங்கநாயகித் தாயாரோடு சேர்த்தி. அதற்குப் பெருமாள்தான் தாயார் சன்னிதிக்குப் போக வேண்டும், ஏனென்றால் தாயார் படிதாண்டாப் பத்தினி. வடக்கே எல்லையைத் தைப்பூசம் குறிக்கிறது: அன்று கொள்ளிடக் கரையில் சமயபுரம் மாரியம்மனுக்கு அரங்கத்திலிருந்து பிறந்த வீட்டுச் சீர் போகும். மறுநாள் அதே கரை வெறும் மணல்தான்.

வாசலும் அப்படியே. கணினி ஆட்டத்தின் கதவு சாவிக்குத் திறக்கும், அல்லது ஆடுபவர் எட்டிய நிலைக்குத் திறக்கும். இரண்டும் தனியாள் சம்பாத்தியம். அரங்கத்தின் பரமபத வாசல் மார்கழி ஏகாதசித் திதிக்குத் திறக்கிறது, திறந்தால் ஊருக்கே திறக்கிறது. அன்றிரவு கண்விழிக்க வீடுகளில் பரமபதப் படத்தை விரித்து உட்காருவார்கள். தாயம் விழாமல் உள்ளே நுழைய முடியாத, உச்சியில் வைகுண்டமும் அதன் வாசலருகே விழுங்கக் காத்திருக்கும் அற்காசுரப் பாம்பும் கொண்ட அந்தப் படமும் ஒரு மாயாலோக நிலப்படமே. அதற்குள் நாட்காட்டி இல்லை. தன் நாளை அது வெளியே இருந்து, ஏகாதசியிடமிருந்து, வாங்கிக்கொள்கிறது.

அரங்கத்து நாட்காட்டியின் சிறப்பே அதன் பொருந்தாமை. சூரியனை ஒட்டிய ஆண்டு 365 நாளுக்குச் சற்று மேல். திதிகளின் சுற்று ஏறத்தாழ 29.53 நாள், நட்சத்திரச் சுற்று 27.32 நாள். மூன்றும் ஒன்றையொன்று மீதமின்றி வகுக்காது. தேருக்கு நட்சத்திரம், ஏகாதசிக்குத் திதி, இரண்டுக்கும் மேலே சூரிய மாதம் என்று வைத்தால் என்றாவது ஒருநாள் முட்டத்தான் செய்யும். மார்கழி ஏகாதசி மாதக் கடைசிக்குத் தள்ளிப்போனால் அதைத் தொடரும் பத்து இரவு விழாவான இராப்பத்து தைத் தேர்த் திருநாளோடு மோதும். அப்போது அரங்கத்தில் மட்டும் ஏகாதசி விழா கார்த்திகை மாதத்திலேயே வந்துவிடும். 2021இல் இங்கே டிசம்பர் 14 அன்றே பரமபத வாசல் திறந்தது. மற்றப் பெருமாள் கோயில்கள் 2022 ஜனவரி 13 வரை காத்திருந்தன. 19 ஆண்டுக்கு ஒருமுறை இப்படி வரும் என்று அரங்கத்தார் சொல்வதில் வானியலும் இருக்கிறது: 235 சாந்திர மாதங்களும் 19 ஆண்டுகளும் சில மணி நேர வித்தியாசத்தில் ஒன்றாகின்றன. ஒரே பெருமாள் ஒரே வேளையில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்ற நில நெருக்கடிதான் இங்கே நாளை நகர்த்தியது.

இணைய ஆட்டங்கள் இதை அறியவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 2004இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ நம் கடிகாரத்தையே தன் கடிகாரமாக்கிக்கொண்டது. அதன் டார்க்மூன் சந்தை மாதத்துக்கு ஒருமுறை கூடும். தொடக்க ஆண்டுகளில் அது ஒரு மாதம் ஓர் இடத்திலும் மறுமாதம் வேறிடத்திலும் கூடியது. எந்த மாதம் என்று தெரியாதவருக்கு எங்கே போவது என்றும் தெரியாது. 2011 முதல் சந்தைக்கென்று ஒரு தீவை ஒதுக்கிவிட்டார்கள். அலைச்சல் மிச்சம்தான். ஆனால் நாளை இடத்தோடு கட்டியிருந்த முடிச்சு அவிழ்ந்துபோனது. என் பார்வையில் அது இழப்பு.

பக்தியையும் பொழுதுபோக்கையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். யோகான் ஹாய்சிங்கா 1938லேயே ‘ஹோமோ லுடென்ஸ்’ நூலில், ஆடுகளமும் வழிபாட்டுக் களமும் அன்றாட உலகிலிருந்து கோடு கிழித்துப் பிரித்த இடங்கள்தாம் என்று காட்டினார். நான் ஒப்பிடுவது நம்பிக்கையை அல்ல, அமைப்பை. அதனால் அமைப்பிலுள்ள வேறுபாடே கண்ணில் படுகிறது. அதற்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு: காவிரிக்குத் தெற்கே, 1960களில் பெல் ஆலைக்காகத் திட்டமிட்டு எழுப்பிய கைலாசபுரம் நகரியத்தில் செக்டார்களுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர். தபால்காரருக்கு மிக வசதி. ஆனால் அந்த முகவரி தைக்கும் பங்குனிக்கும் ஒன்றேதான். ஆட்ட நிறுவனங்கள் வரைந்து கையில் கொடுக்கும் நிலப்படங்கள் இந்தச் செக்டார் வகையைச் சேர்ந்தவை.

அரங்கத்தின் உண்மையான நிலப்படம் உற்சவப் பத்திரிகையில் இருக்கிறது: புறப்பாடு எத்தனை மணிக்கு, எந்த வீதி வழியாக, எந்த மண்டபம் எப்போது சேருதல் என்று வரிக்கு வரி நேரமும் இடமும் பிரிக்க முடியாதபடி அச்சாகும். திருநாள் முடிந்ததும் அது பழைய காகிதத்தோடு போய்விடுகிறது. திருச்சியில் ஆட்டவியலோ வட்டார வரலாறோ படிக்கும் மாணவர்கள் முதலில் செய்ய வேண்டியது, வீட்டுப் பரண்களில் எஞ்சியிருக்கும் இந்தப் பத்திரிகைகளைச் சேகரித்து ஆண்டுவாரியாக அடுக்குவதுதான்.