யாரோடு ஒப்பிட்டு? மருத்துவச் சேர்க்கையில் மதிப்பெண் பர்சன்டைலாக மாறிய வரலாறு

2018-ஆம் ஆண்டு நீட் தேர்வில் 720-க்கு 119 எடுத்த பொதுப்பிரிவு மாணவர், எம்.பி.பி.எஸ். படிக்கத் தகுதி பெற்றவராக அறிவிக்கப்பட்டார். பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு அந்த எல்லை 96. நூற்றுக்குக் கணக்கிட்டால் முன்னது பதினாறரை, பின்னது பதின்மூன்று சொச்சம். நீட்டில் ஒரு கேள்விக்கு நான்கு விடைகள் தரப்படும். சரியானால் 4 மதிப்பெண், தவறானால் 1 கழிவு. 180 கேள்விகளையும் படிக்காமலே குருட்டாம்போக்கில் நிரப்பினால் சராசரியாக 45 சரியாகும், 135 தவறாகும். கையில் 45 மதிப்பெண் நிற்கும். 119 அதிலிருந்து வெகுதூரம் இல்லை. ஆனாலும் விதிப்படி அது 'ஐம்பது'. ஐம்பது சதவீதம் அல்ல, ஐம்பதாவது பர்சன்டைல். ஒரு மாணவரின் மதிப்பெண்ணுக்கு அவர் எழுதிய விடைத்தாள் மட்டும் பொருள் தருவதில்லை, யாரோடு நிறுத்தி ஒப்பிடுகிறோம் என்பதும் சேர்ந்தே தருகிறது. இந்த ஒப்பீட்டுக் கூட்டம் தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கையில் அறுபது ஆண்டுகளாக எப்படி மாறி வந்தது என்பதைத் தேடுவதே இக்கட்டுரை.

இந்த அறுபது ஆண்டுகளின் நீதிமன்றப் பதிவுகளில் முதலில் தென்படுவது மாவட்டம். மதராஸ் மாநிலம் மருத்துவக் கல்லூரி இடங்களை மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரித்து வைத்திருந்தது. ஒரு மாணவர் தம் மாவட்டத்தாரோடு மட்டும் போட்டியிட்டால் போதும். 1968-இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. கூடுதல் மதிப்பெண் பெற்றவர் வேறு மாவட்டத்தில் பிறந்த காரணத்துக்காக வெளியே நிற்பது சமத்துவத்துக்கு முரண் என்பது அதன் வாதம். அடுத்து அரசு கல்லூரிகளை 'அலகு'களாகப் பிரித்தது. 1970-இல் அதுவும் வீழ்ந்தது. ஒரு அலகில் தள்ளப்பட்டவரின் மதிப்பெண் இன்னோர் அலகில் சேர்க்கப்பட்டவருடையதைவிட அதிகமாக இருந்ததே காரணம். அந்த வழக்கில் தெரியவரும் இன்னொரு செய்தி: மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு டாக்டரை உருவாக்குவதா வேண்டாமா என்பதில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல், குழுவினர் முன் சில நிமிடம் பேசியதைப் பொறுத்திருந்தது. நுழைவுத் தேர்வு வந்தபோது பலர் அதை நியாயத்தின் வருகையாகப் பார்த்ததற்கு இந்தப் பின்னணி உண்டு.

1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் மாநில நுழைவுத் தேர்வு தொடங்கியது. 'கட்-ஆஃப்' 300-க்கு ஆனது: பிளஸ் டூ உயிரியல் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, நுழைவுத் தேர்வு 100. மாநிலம் முழுவதும் ஒரே வரிசை. 1980-களில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே பிறந்த 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 1988 முதல் தனித் தேர்வு நடந்ததால், அந்தப் பங்குக்கு மட்டும் நாடு தழுவிய வரிசை இருந்தது. இரண்டு வரிசைகளும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அருகருகே ஓடின.

நுழைவுத் தேர்வு கிராமத்து மாணவரை வடிகட்டுகிறது என்ற எதிர்ப்பு வலுத்தபோது 2005-இல் ஓர் அரசாணையும் 2006 தொடக்கத்தில் ஒரு சட்டமும் வந்தன. இரண்டையும் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. பிறகு எம். அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கையின் துணையோடு இயற்றிய சட்டம் 2007-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று நின்றது. பேச்செல்லாம் நுழைவுத் தேர்வு ஒழிந்ததைப் பற்றியே இருந்தது. அச்சட்டத்துக்குள் இருந்த ஒரு கணக்கு அதற்குரிய கவனத்தைப் பெறவில்லை. மாநிலப் பாடத்திட்டத்தாரையும் சி.பி.எஸ்.இ. மாணவரையும் எப்படி ஒரே வரிசையில் நிறுத்துவது? ஒவ்வொரு பாடத்திலும் இரு வாரியங்களின் அதிகபட்ச மதிப்பெண்ணைச் சமம் என்று கொண்டார்கள். மாநில வாரியத்தில் முதல்வர் 100, மற்ற வாரியத்தில் முதல்வர் 95 என்றால், அந்த வாரியத்தில் 76 எடுத்தவருக்கு 80 ஆகும்.

சுலபமான கணக்குதான், நேர்மையான நோக்கமும்கூட. ஆனால் அது ஒரு வாரியத்தின் கடினத்தை அளக்க அதன் ஒரேயொரு மாணவரை, முதலிடத்தவரை, மட்டும் பார்க்கிறது. அவருக்குக் கீழே லட்சம் பேர் எங்கே குவிந்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. இரு வாரியத்திலும் யாரோ ஒருவர் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டால் கணக்கு எதையும் மாற்றாமல் ஓய்ந்துவிடும்.

பர்சன்டைல் இதற்கு நேர் எதிரானது. அது கூட்டத்தை மட்டுமே பார்க்கும். இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 1884-இல் லண்டன் சுகாதாரக் கண்காட்சியில் ஆய்வுக்கூடம் அமைத்து, வந்தவர்களின் உயரம், பிடியின் வலு, மூச்சின் கொள்ளளவு ஆகியவற்றை அளந்தார். அந்த அளவுகளை 1885-இல் வெளியிட்டபோது இந்த முறையைக் கையாண்டார். ஒருவரின் உயரம் 90-ஆவது பர்சன்டைல் என்றால் நூறு பேரில் தொண்ணூறு பேர் அவரைவிடக் குள்ளம் என்று பொருள். அவர் எத்தனை அங்குலம் என்று அது சொல்லாது. மருத்துவச் சேர்க்கையில் பின்னால் வந்த குழப்பம் முழுவதற்கும் ஊற்றுக்கண் இங்கேதான்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997 விதிகள் நுழைவுத் தேர்வில் பொதுப்பிரிவுக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 40 சதவீதமும் கட்டாயம் என்றன. பாதிக்குப் பாதி தெரிந்திருக்க வேண்டும் என்ற முழுமையான அளவு அது. 1999-இல் உச்ச நீதிமன்ற அரசியல்சாசன அமர்வு, மேற்படிப்புச் சேர்க்கையில் இரு பிரிவுகளின் குறைந்தபட்ச மதிப்பெண்ணுக்கு இடையே பெரும் இடைவெளி கூடாது என்றபோதும் விவாதம் சதவீதத்தைப் பற்றியே இருந்தது. நீட்டுக்கான 2010 விதித் திருத்தமும் 50 சதவீதம் என்றே தொடங்கியது. 2012 திருத்தம் அந்த இடத்தில் 50-ஆவது பர்சன்டைலை வைத்தது. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40-ஆவது, மாற்றுத்திறனாளிகளுக்கு 45-ஆவது. எண்கள் பழையவை, அளவுகோல் புதிது. விதியைப் பெயரளவில் படிப்பவருக்கு எதுவும் மாறாததுபோல் தோன்றும்.

விதியின் சொற்களிலேயே ஒரு தடுமாற்றம் இருக்கிறது. பர்சன்டைல், பொதுத் தரவரிசையில் பெறப்பட்ட அதிகபட்ச மதிப்பெண்ணின் அடிப்படையில் தீர்மானிக்கப்படும் என்கிறது அது. புள்ளியியலில் பர்சன்டைலுக்கும் அதிகபட்ச மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை. எழுத்துப்படி பார்த்தால் முதல்வர் 720 எடுத்த ஆண்டில் எல்லை 360 ஆகியிருக்க வேண்டும். நடைமுறையில் கூட்டத்தின் நடுப்புள்ளியே எடுக்கப்படுகிறது. விதியை எழுதியவர்கள் மனத்தில் சதவீதமும் பர்சன்டைலும் கலந்தே கிடந்தன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீட் 2013-இல் ஒருமுறை நடந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பெயரால் அறியப்படும் வழக்கில் அவ்வாண்டு ஜூலையில் ரத்தானது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு அவசரச் சட்டத்தால் தப்பிய தமிழ்நாடு, 2017-இல் முழுமையாக உள்ளே வந்தது. பொதுப்பிரிவு எல்லை 2017-இல் 131, 2018-இல் 119, 2020-இல் 147, 2022-இல் 117, 2024-இல் முடிவுகள் திருத்தப்பட்ட பின் 162, 2025-இல் 144 என்று ஏறி இறங்கியது. இதைப் பார்த்து மாணவர் தரம் உயர்ந்தது, தாழ்ந்தது என்று எழுதியவர்கள் உண்டு. வினாத்தாள் கடினமானால் எல்லை தாழும், எளிதானால் ஏறும், எழுதுவோர் கூட்டம் மாறினாலும் நகரும். ஆகவே இந்த எண்களிலிருந்து தரத்தைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

600 மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். 2024-இல் அது ஏறத்தாழ 80,000-ஆவது இடம். 2025-இல் வினாத்தாள் கடினம், முதல்வரே 686-தான்; அதே 600 சுமார் 1,300-ஆவது இடத்துக்குப் போய்விட்டது. பர்சன்டைலில் சொன்னால் முன்னது 96.5 சொச்சம், பின்னது 99.9-க்கும் மேல். மூன்று புள்ளி வித்தியாசம் காகிதத்தில் சிறிது. எம்.பி.பி.எஸ். இடங்களோ நாடு முழுவதும் ஒரு லட்சத்தைத் தாண்டுபவை, எழுதுவோர் இருபது லட்சத்துக்கு மேல். இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு பர்சன்டைல் என்பது இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தலைகள்.

2025-இல் 22,09,318 பேர் எழுதியதில் 12,36,531 பேர் தகுதி பெற்றார்கள். 50-ஆவது பர்சன்டைல் எல்லையாக இருக்கப் பாதிக்கு மேற்பட்டோர் எப்படி என்றால், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40-ஆவது பர்சன்டைலும் அதே பொது வரிசையில்தான் எடுக்கப்படுகிறது. ஓர் இடத்துக்கு ஏறத்தாழப் பத்துப் பேர் 'தகுதி'யோடு நிற்கிறார்கள். அரசுக் கல்லூரி இடங்கள் வரிசையின் உச்சியிலேயே தீர்ந்துபோகும். நிகர்நிலைப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு முன் முதலில் நிற்பவர்கள் பணமின்றி விலக, எத்தனையோ இடம் பின்னால் நிற்பவர் பணத்தோடு உள்ளே போகிறார். வாசல் அகலமாக இருப்பதன் பயன் இவருக்குத்தான்.

தமிழ்நாடு இந்த ஒற்றை வரிசையை உடைக்க முயன்றது. 85 சதவீத இடம் மாநிலப் பாடத்திட்டத்தாருக்கு என்ற 2017 அரசாணையை உயர் நீதிமன்றம் ஒரு மாதத்துக்குள் ரத்து செய்தது. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் தரும்படி மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் தடை விதித்து, பின்னர் அதை ரத்தும் செய்தது. எல்லையே 119 ஆக இருந்த ஆண்டில் 196 சேர்ந்திருந்தால் தமிழில் எழுதிய அனைவரும் ஏறியிருப்பார்கள், மற்ற பன்னிரண்டு லட்சம் பேரின் இடமும் நகர்ந்திருக்கும். பர்சன்டைலில் ஒருவருக்குத் தனியாக நியாயம் செய்ய வழியில்லை. கடைசியில் நிலைத்தது 2020-இன் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. அரசுப் பள்ளி மாணவர் அரசுப் பள்ளி மாணவரோடு மட்டும் ஒப்பிடப்பட்டார். ஒற்றை இலக்கத்தில் இருந்த அவர்களின் எம்.பி.பி.எஸ். சேர்க்கை முதல் ஆண்டிலேயே முந்நூறைத் தாண்டியது. 1968-இல் கதவடைக்கப்பட்ட யோசனையின் தூரத்து உறவு இது என்றால் சட்ட அறிஞர்கள் கோபிக்கக்கூடும்.

மறுபக்கம், இடம் காலியாகக் கிடந்தபோதெல்லாம் எல்லை தளர்ந்தது. 2021-இல் பல் மருத்துவத்துக்குப் பத்து பர்சன்டைல் குறைக்கும்படி உச்ச நீதிமன்றமே சொன்னது. 2023 செப்டம்பரில் முதுநிலைச் சேர்க்கைக்கு எல்லாப் பிரிவுக்கும் பூஜ்யம் பர்சன்டைல் என்று அறிவிப்பு வந்தது. தேர்வு எழுதிய அனைவருமே தகுதியானவர்கள். கழித்தல் குறியோடு மதிப்பெண் வாங்கியவரும் உட்பட. அவர்கள் ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர்கள் என்ற சமாதானத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதைச் சொல்பவர்கள், நீட் இல்லாவிட்டால் தரம் போய்விடும் என்று இனி வாதாட முடியாது.

அமெரிக்காவில் எம்-கேட் தேர்வு 2015 முதல் 472-க்கும் 528-க்கும் இடைப்பட்ட அளவில் மதிப்பெண் தருகிறது, நடுப்புள்ளி 500. வெவ்வேறு நாள் வினாத்தாள்களின் கடினத்தைச் சமன்செய்த பிறகே அந்த எண் வரும். ஆகவே இந்த ஆண்டின் 510-ஐயும் சென்ற ஆண்டின் 510-ஐயும் நேராக ஒப்பிடலாம். பர்சன்டைல் தனி அட்டவணையாக ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். யாரைச் சேர்ப்பது என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்கிறது. திறனுக்கு ஒரு எண், கூட்டத்தில் இடத்துக்கு வேறொரு எண். நம்மிடம் ஆண்டுக்கு ஆண்டு சமன்செய்யும் ஏற்பாடு இல்லை. முதல் எண்ணின் வேலையையும் இரண்டாவதே செய்ய வேண்டியிருக்கிறது.

2024 முதுநிலைத் தேர்வு இரண்டு வேளைகளாக நடந்தது. இரு வேளையின் மாணவர்களும் சமத் திறனுள்ளவர்கள் என்று கொண்டு, பர்சன்டைலை ஏழு தசம இடம் வரை கணக்கிட்டுத் தரவரிசை தயாரித்தார்கள். அந்த அனுமானத்தை எதிர்த்து எழுந்த வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டுத் தேர்வை ஒரே வேளையில் நடத்தச் சொல்லிவிட்டது. வெவ்வேறு வேளையினரை ஒரே வரிசையில் நிறுத்துவதுதான் பர்சன்டைலுக்குப் பொருத்தமான வேலை; அந்த இடத்தில்தான் அது தோற்றது.

50-ஆவது பர்சன்டைலை 'குறைந்தபட்சத் தகுதி' என்று விதிநூல் அழைப்பதை நிறுத்த வேண்டும். தகுதி என்று ஒன்று வேண்டுமானால் அதை மதிப்பெண்ணில் சொல்லட்டும். அதுவரை, மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கும் பெற்றோர் பர்சன்டைலைப் பார்த்து மகிழவும் வேண்டாம், சோரவும் வேண்டாம். சென்ற ஆண்டு எத்தனை மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்தது என்று விசாரிப்பதும் பயன் தராது. தங்கள் பிரிவில், மாநிலத் தரவரிசையில் எத்தனையாவது இடத்தோடு அரசுக் கல்லூரி இடங்கள் முடிந்தன என்று மட்டும் கேளுங்கள்.